சூட்டில் மாறும் மீன்

கல்யாணமானதிலிருந்து என் வேலையைப் பற்றி எதுவும் கேட்காத கிரிதரன், அன்று சாப்பிடும்போது கேட்டான்.

"உங்க லேப்ல தண்ணிய சூடாக்கினா பொண்ணு மீனு ஆணாகிடுதாமே?"

"சில மீனுங்க ஆகும். சூடு தாங்காம உடம்புல கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும். பயமுறுத்தினாலும் அதேதான்."

"எப்ப பண்ணணும்?" என்று மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முட்டை பொரிஞ்ச புதுசுலயே பண்ணணும் அத்தே. வளர்ந்துட்டா மாறாது."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் படிப்புக்கு இந்த வீட்டில் இப்போதாவது மரியாதை வந்ததே என்று நினைத்தேன்.

மறுநாள் கிரிதரன் நீலசந்திரா மின்சாதனக் கடையில் ஹீட்டர் வாங்கி வந்தான். அதன் பிறகு தொட்டதற்கெல்லாம் கத்தினான், தட்டை வீசினான்.

இன்று, இந்த ஏப்ரல் வெயிலில், படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, கதவை வெளியே தாழிட்டான்.

எங்கள் வீட்டில் மீன் தொட்டி கிடையாது. அறைக்குள் இருப்பது நானும் என் மூன்று மாத வயிறும்தான்.

"மூத்ததுதான் பொண்ணாப் போச்சு. கொஞ்சம் பொறுத்துக்கடி," என்றாள் மாமியார் வெளியிலிருந்து.

"மனுஷக் குழந்தை மீன் இல்லடா! ஆணா பொண்ணான்னு கருவான அன்னிக்கே முடிஞ்சுபோச்சு! கதவைத் திற!"

"கத்தட்டும்மா," என்றான் கிரிதரன். "அப்பதான் அந்த ஹார்மோன் ஏறும்."