பாப்பா வாங்கும் திட்டு

பாப்பா இன்றைக்கும் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு ஆண்கள் சுற்றி நின்று மாறி மாறிக் கொடுத்தார்கள். மகேந்திரன் கேட்டுக்கு வெளியே நின்று, தடுக்கத் துணிவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடியெல்லாம் கைப்பேசியில்தான். ‘பேராக் ஆட்டோகேட் சிஃபு’ என்ற மலேசிய வாட்ஸ்அப் புலனக் குழுவில், தானாகத் திறந்து மூடும் கேட்டுகளைப் பொருத்துகிறவர்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். கைதேர்ந்த பத்துப் பதினைந்து பேர் சிஃபுகள். அவர்களுக்கெல்லாம் பெரிய சிஃபு, மழைக்குப் பேர்போன தைப்பிங்கிலிருக்கும் பத்துமலை என்பவர். மற்றவர்கள் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டுப் போகிற ரகம்.

மகேந்திரன் இந்த இரண்டாவது ரகம். இருபத்தைந்து வருடம் எஸ்டேட் லோரி ஓட்டியவர். எஸ்டேட்டை அழித்துக் குடியிருப்புத் தாமான் கட்டியதும், ஐம்பத்தொரு வயதில் ஈப்போ ஆட்டோகேட் கடையொன்றில் புது ஆளாகச் சேர்ந்தார். மூன்று மாதச் சோதனைக் காலம் நாளையோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று சொல்லப்போகும் முதலாளி விஸ்வநாதனும் அதே குழுவில்தான் இருந்தார்.

அந்த நினைப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. “சிஃபு, கேட் தலைகீழா ஓடுது, என்ன செய்யணும்?” என்று கால் மணி நேரத்துக்கு முன் குழுவில் எழுதிவிட்டார். மறுநிமிடமே வியர்த்து, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அழித்தார். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பதினேழு சிரிப்புப் பொம்மைகள் வாங்கிய அனுபவம் அவருக்கு உண்டு.

ஆனால் பாப்பாவுக்கு வெட்கமே கிடையாது. சற்று நேரத்தில் அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். மூன்று மாதமாக இப்படித்தான். மகேந்திரன் தொண்டைக்குள் விழுங்கியதையெல்லாம் அவள் வாய்விட்டுக் கேட்பாள். ஈப்போவில் மண்டையைப் பிளக்கும் வெயில். அவள் அனுப்பிய மோட்டார் படத்தில் தரையெல்லாம் மழைத் தண்ணீர்.

“என்னப்பா, தொறக்கச் சொன்னா மூடுது, மூடச் சொன்னா தொறக்குது?” வீட்டுக்கார அம்மா கல்யாணசுந்தரி ஆச்சி, கல்யாணத்துக்குக் கிளம்பிய பட்டுச் சேலையோடு காருக்குள்ளிருந்து கத்தினார். “சொன்னதுக்கு நேர்மாறாச் செய்யத்தான் வீட்டுக்குள்ள ஒருத்தர் இருக்காரே! கேட்டும் எதுக்கு?”

“அஞ்சு நிமிசம் ஆச்சி.” அதை அவர் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழுவில் பத்துமலை முழங்கினார்: “மண்டை கோசோங்கா பாப்பா? உள்ள ஒண்ணுமே இல்லையா? கரண்ட்டை அடைச்சிட்டு, மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயரையும் இடம் மாத்திக் கட்டு! இதுகூடத் தெரியாம எதுக்கு ஸ்குரூடிரைவரைத் தொடுற?”

“சமையல் குரூப்புக்குப் போலாம்லா பாப்பா,” என்றார் இன்னொரு சிஃபு. வேறொருவர் அழும் குழந்தைப் படம் போட்டார்.

மகேந்திரன் கரண்ட்டை அடைத்தார், ஒயர்களை மாற்றினார், ரிமோட்டை அமுக்கினார். கேட் சாதுவாகத் திறந்தது. ஆச்சியின் கார் வெளியே போனதும் சாதுவாக மூடிக்கொண்டது.

“பரவாயில்லையே, சொன்ன பேச்சுக் கேக்குதே!” ஆச்சி கையாட்டிவிட்டுப் போனார்.

வேலை முடிந்தது. பேசாமல் வேனில் ஏறிப் போயிருக்கலாம். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். கைப்பேசி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. திட்டு இன்னும் ஓயவில்லை. தொழில் கற்றுக்கொள்வது தான், வாங்கிக் கட்டிக்கொள்வது அந்தப் பிள்ளை என்ற நினைப்பு அவரை வேனை எடுக்க விடவில்லை.

எழுதினார். “அந்தப் பொண்ணை விடுங்கய்யா. அது என்னோட கேள்வி. கேட்டுட்டு, பயந்து அழிச்சது நான்தான். மூணு மாசமா பாப்பா வாங்குற திட்டுலதான் நான் தொழில் கத்துக்குறேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. மகேந்திரன், ஈப்போ.”

முதலாளியின் முகம் ஒருமுறை வந்து போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினார். கண்ணை மூடியதில் இரண்டு தடவை போய்விட்டது.

கைப்பேசி அலறியது. விஸ்வநாதன்.

“மகேந்திரன், மூணு மாசமா தெரியாமத்தான் வேலை செஞ்சீங்களா?”

“ஆமா போஸ்.” பொய் சொல்லத் தெம்பில்லை.

“உங்களுக்கு முன்ன இருந்தவன் வாயே தொறக்காம மூணு மோட்டார் போர்டை எரிச்சிட்டுப் போனான். தெரியலைன்னு சொல்ற ஆளுதான் எனக்கு வேணும். திங்கக்கிழமை வந்துடுங்க.”

பெருமூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் மறுபடியும் மணி அடித்தது. இந்தமுறை பத்துமலை.

“என்னண்ணே, குரூப்ல இம்புட்டுக் கோவமா எழுதிட்டீங்க?”

வேலை நிலைத்த தைரியம் மகேந்திரனுக்கு. “பின்ன என்ன சிஃபு? நல்லபடியா சொல்லிக் குடுத்தா வாய் வலிக்குமா?”

“ரெண்டு வருசம் நல்லபடியாத்தான்லா பாடம் எடுத்தேன். ஒரு பய படிக்கல. ஒருத்தி திட்டு வாங்குனாத்தான் முந்நூறு பேரும் ஓடியாந்து வாசிக்கிறானுங்க.”

“அதுக்காக ஒரு பொம்பளப் பிள்ளையைப் பலி குடுப்பீங்களா? முதல்ல பாப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க!”

பெரிய சிஃபு சின்னக் குரலில் சொன்னார்.

“எப்படிண்ணே கேக்குறது? பாப்பாவே நான்தான்லா.”