கதிரவேலு மாஸ்டர் ஊகித்தது

உடுக்கச் சாரம் தேடி அலுமாரியைக் கிளறியபோது, மனைவியின் சேலைகளுக்கு அடியில் அச்சகத்தின் துண்டுச்சீட்டு ஒன்று அகப்பட்டது. 'கல்வெட்டு, 300 பிரதிகள்.'

புத்தூர் கதிரவேலு மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். கல்வெட்டு என்றால் செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். இந்த வீட்டில் சாகக் கிடப்பவர் யார்? மூன்று கிழமைக்கு முன் நெஞ்சைப் பிளந்து ஒப்பரேஷன் செய்துகொண்ட அவரேதான்.

“ஞானம்! இஞ்சை வா.”

ஞானாம்பிகை ஈரக்கையோடு வந்தாள். துண்டைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

“ஆள் உயிரோடை இருக்கேக்கையே ஓடர் குடுத்திட்டாய், என்ன? எனக்கு எத்தினை நாள் எண்டு டொக்டர் சொன்னவர்?”

“ஐயோ, என்ன விசர்க்கதை! சும்மா கண்டபடி நினைக்காதேங்கோ.”

“நினைக்கிறது வேறை, ஊகிக்கிறது வேறை. முப்பது வருசம் பௌதிகம் படிப்பிச்சனான். ஆதாரம் வைச்சுக்கொண்டுதான் ஊகிக்கிறன்.” மாஸ்டர் விரல் மடக்கினார். “டொக்டர் உன்னை மட்டும் தனியக் கூப்பிட்டுக் கதைச்சவர். போன கிழமை என்ரை பாட்டன், பாட்டி, சகோதரங்கள் பேரெல்லாம் கேட்டு எழுதினனி. அது கல்வெட்டிலை போடுற வம்சாவளிக்கு!”

அவள் துண்டை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“ஞாயிறு தவறாமல் கனடாவிலையிருந்து போன் எடுக்கிற அண்ணை மூண்டு கிழமையாய் எடுக்கேல்லை. ஏன்? என்ரை செத்தவீட்டுக்கு வர டிக்கெற் போட்டிட்டார்.”

ஞானாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை தவறாத நீயும் மூண்டு வெள்ளியாய்க் கோயிலடிக்குப் போகேல்லை. என்னைக் காப்பாத்தேல்லை எண்டு முருகனோடையே கோவம்.”

எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டதில், அந்தப் பயத்திலும் மனுசனுக்கு ஒரு சின்னப் பெருமை. அடுத்த கணமே குரல் உடைந்தது.

“சாகப் பயமாக் கிடக்கு, ஞானம். ஒளிக்காதை. சொல்லு.”

அவள் அவருடைய காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களுக்கு ஒண்டுமில்லையப்பா. நல்லாய்ச் சுகம் வரும் எண்டுதான் டொக்டர் சொன்னவர். மனம் அதிருற சேதி ஒண்டும் இப்ப சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவர்.”

“அப்ப ஏன் கோயிலுக்குப் போகேல்லை?”

“எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயிலுக்குப் போகக்கூடாது. உங்கடை அண்ணை கண்ணை மூடிட்டார்.”