ஒண்ணுல வை

மெக்கானிக் குமரவேல் மூன்று ஷாக் அப்சர்பர்களைக் கொண்டுவந்து ஜெரோமுக்கு முன்னால் பெஞ்சின்மேல் படுக்கவைத்தான்.

ஜெரோம் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். முதலாவது பொசுக்கென்று இறங்கிவிட்டது. இரண்டாவது இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“இன்னாணா, தக்காளி வாங்க வந்தாப்ல அமுக்கினுகீற? இன்னா லோடு ஏத்தப் போற, அத்த சொல்லு. நான் எடுத்துத் தரேன்.”

“முழு லோடு” என்றான் ஜெரோம்.

ஜான்சிதான் லோடு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஐயோ பாவம் என்பான். அந்த ஐயோ பாவத்தைக் கேட்டுக் கேட்டு ஜெரோமுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவன் மனைவி ஜான்சிக்கு மார்பில் வந்த கட்டி எலும்புக்கு இறங்கி, இப்போது முதுகிலும் இடுப்பிலும் உட்கார்ந்திருந்தது. அது தண்டுவடத்தை நசுக்குவதற்குள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துவிட வேண்டும், பிந்தினால் கால் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலை முதல் நாள்.

பீர்க்கன்கரணையில் அவர்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போதாததற்கு மழை வேறு. ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிடும். அந்தச் சேற்றுக்குள் நுழைந்து வெளியே வருகிற ஒரே வண்டி ஜெரோமின் ஃபோர்-வீல் பிக்கப்தான். ரோடே போடாத மனைகளுக்கெல்லாம் ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிப் போகிற வண்டி அது.

போன வாரம் ஸ்கேனுக்கு அதில்தான் கூட்டிப் போனான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கத்திய கத்தல் இருக்கிறதே, கர்த்தரே, எதிரிக்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இன்னொரு தபா இப்படி இட்டுனு போன, நான் வரமாட்டேன்யா. கரண்டும் வாணா, ஒரு எழவும் வாணா. வூட்லயே செத்துப்போறேன்.”

சொன்னால் செய்கிறவள். அவள் வராவிட்டால் எல்லாம் முடிந்தது. நாளைக்கு அவளுக்கு வலிக்கக் கூடாது. ஜெரோமுக்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

லோடு வண்டி காலியாகப் போனால் குதிக்கும். பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி மெத்தென்று போகும். லோடு அடிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். அதனால் பின்னால் மணல் மூட்டைகளை நிரவி அடுக்கியே கொண்டுவந்திருந்தான். மேலே ஒரு மெத்தையைப் போட்டால் போதும்.

மூன்றாவது ஷாக் அப்சர்பரில் ஒரு திருகு இருந்தது. ஒன்றில் வைத்தால் இளக்கம், எட்டில் வைத்தால் விறைப்பு. பின்பக்கத்துக்கு மட்டும் அதில் ஒரு ஜோடி எடுத்தான். முன்னால் உட்காரப் போவது தான்தானே, பழசே போதும்.

“ஒண்ணுல வை” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

மறுநாள் ஜான்சி தெளிவாக எழுந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ராத்திரி அசந்து தூங்கியிருந்தாள். ஜெரோம் அவளை அலாக்காகத் தூக்கி மெத்தையில் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினான்.

முதல் பள்ளத்திலேயே வண்டி தூக்கிப் போட்டது. அவன் முதுகில் சுரீரென்றது. போச்சு, கத்தப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

பின்னாலிருந்து சத்தமே இல்லை.

அடுத்த பள்ளம். அதற்கடுத்தது. பெருங்களத்தூரில் ரோட்டைப் பிடிக்கும்போது டமாலென்று ஒன்று.

“யோவ், இன்னாய்யா பண்ண வண்டிய? வலிக்கவேயில்ல!”

ஜெரோமுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் குதிப்பது பழசு, குதித்துவிட்டுப் போகட்டும். பின்னால் அவள் மெத்தென்று வருகிறாள். குமரவேல் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது போன் அடித்தது. குமரவேல்தான்.

“ஜெரோம்ணா, தப்பா நெனச்சுக்காத. நீ ஒண்ணுல வெக்க சொன்ன. நான் மூட்டையெல்லாம் பாத்துட்டு, இந்த லோடுக்கு ஒண்ணு தாங்காதுன்னு எட்டுல வெச்சுட்டேன். உன்னாண்ட சொல்ல மறந்துட்டேன்ணா. தூக்கித் தூக்கி அடிச்சிருக்குமே?”

ஜெரோம் போனைக் காதிலிருந்து எடுத்தான். உள்ளே குமரவேல் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பின்கதவை இறக்கினான்.

தலையணைகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி ஜான்சி கீழே சறுக்கி வந்திருந்தாள். வலது குதிகால் கதவின் கொண்டியில் இடித்து இடித்துத் தோல் வழன்றிருந்தது. மெத்தையின் ஓரத்தில் ரத்தம் ஊறியிருந்தது.

அவன் அந்தக் காலைப் பிடித்தான். கட்டைவிரலை அழுத்தினான். பிறகு நகம் பதியக் கிள்ளினான்.

“திரும்பிப் போசொல்ல பெருங்களத்தூராண்ட நிறுத்துயா, டீ குடிக்கலாம்” என்றாள் ஜான்சி, தார்ப்பாயைப் பார்த்துச் சிரித்தபடி. “இப்படி ஓட்டினா நான் தெனமும் வரேன்.”

கிள்ளிய விரலை விடாமலே, சரி என்றான் ஜெரோம்.