ஊட்டிய கை

நர்ஸ் கர்ப்பிணியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

“மூணு மாசமா இரும்புச்சத்து மாத்திரை தரேன். முழுங்கினியா, குப்பையில கொட்டினியா? பிரசவத்துல ரத்தம் போச்சுன்னா பிழைக்க மாட்டே.”

அவள் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“நான் என்ன சுவர்கிட்டயா பேசறேன்?”

“அவளை ஏம்மா திட்டறீங்க?” என்றபடி மாமியார் கொல்லையிலிருந்து வந்தாள். “ஒரு மாத்திரைகூட வீணாகலை. தினமும் நானே என் கையால ஊட்டறேன்.”

நர்ஸ் தணிந்தாள். “அப்புறம் ஏன் உடம்புல ஒட்டலை?”

“ஒட்டாம என்ன? வந்து பாருங்க, எப்படி மினுமினுன்னு இருக்குன்னு.”

மாமியார் கொட்டகைக் கதவைத் திறந்தாள். சினைமாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“தலையீத்து, முதல் கன்னு,” என்றாள் அவள். “இது செத்தா, மறுபடி காசு குடுத்துல்ல வாங்கணும்?”