மஞ்சள் ஹெல்மெட்

நிஜம் போலவே காட்சி காட்டும் வி.ஆர். கருவியைக் கண்களில் மாட்டியதும் மாதேசனுக்கு முன்னால் உருக்காலை எழுந்து நின்றது. புது இயந்திரங்கள் வந்துவிட்டதால், உலையில் நின்றவர்கள் எல்லோரும் வேலையை இப்படி மறுபடி கற்றாக வேண்டும். இரும்புக் குழம்பு நிரம்பிய தொட்டி கிரேனில் தொங்கியபடி நகர்ந்தது. அதன் கீழே மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தொட்டி கவிழ்ந்தது. மாதேசன் கையை நீட்டிக்கொண்டு அவனை நோக்கி ஓடி, பயிற்சி அறையின் சுவரில் போய் முட்டிக்கொண்டான்.

"அவன்கிட்ட ஓடக் கூடாதுண்ணா, சிவப்பு பட்டனை அழுத்தணும்," என்றாள் பயிற்சி தரும் வினோதினி. "அது வெறும் பொம்மைதானே?"

மறுபடி தொடங்கினாள். செத்தவன் ஒரு பொசுங்கலும் இல்லாமல் அதே இடத்தில் வந்து நின்றான்.

உலையில் கூட வேலை பார்த்த குப்புராஜ் அப்படி வந்து நிற்கவில்லை. நிஜத் தொட்டி கவிழ்ந்த அன்றைக்கு அவனும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருந்தான்.

மற்றவர்கள் பயிற்சியில் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாதேசன் மட்டும் கருவியைக் கழற்றாமல், "டேய், தள்ளி நில்லுடா," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆரம்பிக்கலாமாண்ணா?"

"கொஞ்சம் இரும்மா. அவன் இன்னும் நகரல."