நெஞ்சுல மிஷின்

"நெஞ்சுல மிஷின் ஏதாவது வெச்சிருந்தாங்களா?"

தகன மேடை ஆபரேட்டர் மூன்றாவது முறையாகக் கேட்டதும் இறந்தவரின் மகனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தன தடவ சொல்றது? ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல."

கோபித்துக்கொள்ளட்டும். கேட்பது அவர் வேலை.

இதயத்தைத் துடிக்க வைக்கும் அந்தப் பேஸ்மேக்கருக்குள் பேட்டரி இருக்கிறது, உலைக்குள் போனால் வெடிக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு வீட்டார் சொல்ல மறந்துபோனதில் உலைக் கதவே பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆபரேட்டரின் இடது காது அன்றோடு சரி. கூட வேலை பார்ப்பவர்கள் அவரை 'அரைக்காது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார், கூப்பிட்டது கேட்டால்.

சட்டைப் பையில் செல்போன் இருக்கும். கையில் வாட்ச் இருக்கும். தாத்தாவுக்குப் பிரியமானதாம், ஒரு வீட்டுப் பேரப்பிள்ளைகள் டிவி ரிமோட்டையே கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், கூத்து! எல்லாவற்றையும் எடுத்து, பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய பெட்டியில் போட்டு வைப்பார். மின் கழிவு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும்.

இன்று வந்திருப்பவர் வெளியூரில் வேலை பார்த்தவர். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாராம். வந்த இடத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"கல்லுக்குண்டு மாதிரி இருந்தாருங்க. தலவலின்னு கூடப் படுத்ததில்ல." தலைமாட்டில் நின்ற மனைவியும் சொல்லிவிட்டார்.

கட்டின மனைவியே சொன்ன பிறகு வேறென்ன? ஆபரேட்டர் உலைக் கதவைத் திறக்கப் போனார்.

அப்போதுதான் குழாயடியில் நின்ற பெண் ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து அங்கேதான் நின்றாள், யாரோடும் ஒட்டாமல். வேறு ஏதோ சாவுக்கு வந்தவள் என்று அவரும் கண்டுகொள்ளவில்லை.

அவருக்குப் பக்கத்தில் வந்து மெல்ல என்னவோ சொன்னாள். அதுவும் இடது பக்கமாக. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

"இந்தக் காது கேக்காதும்மா. சத்தமாச் சொல்லுங்க."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். உலையைப் பார்த்தாள். அவர் காதோரத்துத் தீக்காய வடுவையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

"இருக்குங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இடது தோளுக்குக் கீழ. மேல சின்னதா ஒரு தழும்பு இருக்கும்."

கூட்டத்துக்குள் காதோடு காதாகப் பேச்சு ஓடியது.

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. அவள் ரகசியமாகத்தானே சொல்ல வந்தாள்! பாழாய்ப்போன காது. வலது பக்கம் வந்திருந்தால், தானே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லி விஷயத்தை அமுக்கியிருப்பார். இப்போது ஒரு பெண்ணை நாலு பேர் நடுவில் நிறுத்தியாயிற்று. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அவள் மறுபடி குழாயடிக்கே போய்விட்டாள்.

ஆபரேட்டர் சட்டையை விலக்கித் தடவினார். கையில் தட்டுப்பட்டது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விருந்தாளி போல வந்து போன மனிதரை மேல்சட்டை இல்லாமல் பார்த்து எத்தனை வருஷமோ, மனைவி குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். விரலால் தொட்டார். அப்புறம் பட்டனை அவரே போட்டுவிட்டார்.

போன் போட்டதும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார். திரை மறைவில் எடுத்து, கழுவி, சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். "புதுசுதான். பேட்டரி இன்னும் எட்டு வருஷம் தாங்கும்" என்று விவஸ்தையில்லாமல் சொல்லிவிட்டும் போனார்.

வீட்டார் கேட்டால் அதைக் கொடுத்துவிட வேண்டும். வேண்டாமென்றால் பெட்டியில் போட வேண்டும். இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, மனைவியிடம் போனார்.

"கழிவுல போட்டுரட்டுமாம்மா?"

அந்த அம்மாள் பையை வாங்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"அத அவளக் கேளுங்க."

"அம்மா!" என்றான் மகன். அவர் திரும்பவே இல்லை.

சொந்தபந்தம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஆபரேட்டர் முற்றத்தைக் கடந்து குழாயடிக்கு நடந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். தினமும் சாவைப் பார்க்கிற மனிதருக்கு, அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வேலையில் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வாயில் வந்தது.

"வீட்ல நெருப்புப் பக்கம் மட்டும் வெச்சிராதீங்கம்மா."

தீப்பெட்டி அளவுதான் இருந்தது அது. அவள் இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.