எறும்பு ஊரும் சத்தம்

மாடியிலிருந்து மச்சான் இருமினான். அவ்வளவுதான், சமையலறையில் மிக்ஸி அலறத் தொடங்கியது. ஜாரில் அரைக்க ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்.

கூடத்தில் வீடு பார்க்க வந்தவரோடு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கும் புரிந்துவிட்டது: ரயில் வருகிறது, அதற்குத்தான் மச்சானின் அந்த இருமல். பின்சுவரை ஒட்டி ரயில் பாதை. இந்த நேரத்தில் வண்டியே கிடையாது என்று விசாரித்துத்தான் மனிதரை வரச் சொல்லியிருந்தார். விடியற்காலையில் போயிருக்க வேண்டிய பாழாய்ப்போன ரயில் இப்போதுதான் வந்து தொலைக்கிறது!

இந்த வீட்டை விற்றுவிடலாம் என்ற தைரியத்தில் கடன் வாங்கிப் புது ஃபிளாட் வாங்கியாகிவிட்டது. ஆனால் மதிப்புப் போட வந்த வங்கி இன்ஜினியர் ரயில் சத்தத்தைக் கேட்டதும் கால்வாசி விலையை வெட்டிவிட்டார். பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரு வண்டி போனதுமே செருப்பைத் தேடினார்கள். இந்த மாதமும் விற்காவிட்டால் தவணை கட்ட வழியில்லை, புது ஃபிளாட்டும் கையை விட்டுப் போய்விடும்.

இன்று வந்தவர் தங்கமான மனிதர். ஊருக்குப் புதியவர், கடன் கிடன் தேவையில்லாமல் ரிட்டயரான பணத்தைக் கையில் வைத்திருப்பவர். இரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டது என்று வாசலிலேயே மன்னிப்புக் கேட்டார். கண்கள் மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

“ரிட்டயரானதிலேர்ந்து பொட்டுத் தூக்கமில்லைங்க. மக வீட்டுல இருக்கேன். நல்ல அமைதியான ஏரியாதான், ஆனா விடிய விடிய முழிச்சுக் கிடக்கேன். அதான் தனியா ஒரு வீடு பாக்கறேன்.”

“சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க! இங்க எறும்பு ஊர்ற சத்தம்கூடக் கேக்கும்!” மிக்ஸிக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினார் வீட்டுக்காரர்.

டீபாய் மேலிருந்த தம்ளர் நடுங்கியது. வந்தவர் அதன்மேல் மெல்ல உள்ளங்கையை வைத்தார்.

“பக்கத்துல ரயில் ஏதாச்சும் போகுதுங்களா?”

“சேச்சே! ரயிலாவது ஒண்ணாவது! என் பொண்டாட்டி மேல சத்தியமாச் சொல்றேன், கண்ணுக்கெட்டின தூரம் தண்டவாளமே கிடையாது!”

சமையலறையில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் மச்சான் டிரில்லிங் மெஷினோடு தடதடவென்று இறங்கி வந்து, கூடத்துச் சுவரைக் குடைய ஆரம்பித்தான்.

“படம் மாட்டணும்னு சொன்னீங்களே மாமா!”

விற்கப்போகிற வீட்டில் என்ன படம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பின்னால் ஹாரன் ஊளையிட்டது. வீட்டுக்காரர் அடிவயிற்றிலிருந்து ஒரு தும்மல் போட்டார். ஹாரன் நிற்கவில்லை, ஆகவே அவரும் நிறுத்தவில்லை.

ஒருவழியாக ரயில் கடந்தது. மிக்ஸி ஓய்ந்தது. சுவர் சல்லடையாகியிருந்தது. வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்தபடி, “பாத்தீங்களா, எவ்வளவு அமைதி!” என்றார்.

வந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பெருமூச்சோடு எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டார்.

“வீடு அருமைங்க. விலையும் ஒத்துவருது. ஆனா எனக்கு வேண்டாம்.”

“ஐயோ, ஏங்க?” வீட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. “என்ன குறை இங்க?”

“முப்பது வருஷமா ரயில் ஓட்டினவன் நான். அந்தச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வராதுங்க!”